வெளியே உட்கார்ந்த துணைவேந்தர்

"என் மகளுக்குத் தகுதி இருக்கு. நான் எதுக்கு எழுந்து போகணும்?"

துணைவேந்தர் செந்தில்நாயகம் ஆசிரமத்துக்கு வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார்.

பூரணி அம்மா வாலிபால் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் அங்கே ஆட்டம் உண்டு. குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது.

"எங்கேயிருந்து எழுந்து போகணும்?"

"தேர்வுக்குழுவிலேருந்து. நாளைக்குத் தாவரவியல் துறைக்கு நேர்காணல். என் மக உமையாளும் வர்றா. குழுவுக்குத் தலைவர் நான். பதிவாளர் என்னை விலகச் சொல்றார்."

"ம்."

"பெத்த மகளுக்காக நான் ஒரு மார்க் கூட்டிப் போட மாட்டேன். உங்களுக்குத் தெரியாதா அம்மா?"

"தெரியும்."

"நான் விலகினா மூத்த பேராசிரியர் இருதயராஜ்தான் தலைவர். என்னோட பேசியே பல வருஷம் ஆச்சு. அவளைக் கவுத்துடுவார்."

அம்மா முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"செருப்பைக் கழட்டுங்க. எதிர்ப்பக்கம் ஒரு ஆள் குறையுது."

சாரல் தூறிக்கொண்டிருந்தது. அம்மா காவிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். கழுத்தில் விசிலை மாட்டினார்.

"இன்னைக்கு நடுவரும் நான்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டம் தொடங்கியது.

இரண்டு பக்கமும் சமமாக நின்ற நேரத்தில், அம்மா எகிறி ஒரு அடி அடித்தார். பந்து கோட்டை ஒட்டி விழுந்தது.

விசில் ஊதினார். "உள்ளே!"

"வெளியே!" துணைவேந்தர்தான் முதலில் கத்தினார். "நீங்க அடிச்ச பந்துக்கு நீங்களே விசில் ஊதுவீங்களா?"

"தடத்தைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். ஈர மண்ணில் பந்தின் தடம் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது.

"உள்ளேதான்" என்றார், வேண்டாவெறுப்பாக.

ஒருவரும் கைதட்டவில்லை. அம்மாவின் பக்கத்து ஆட்களே தரையைப் பார்த்தபடி இடம் மாறி நின்றார்கள்.

"என்ன அருமையான அடி அது!" என்றார் அம்மா. "பாழாப் போச்சு."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் பால்காரர் தங்கப்பழம். பாலில் தண்ணீர் என்று அம்மா சொன்னதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவர்.

அம்மா விசிலை அவர் கையில் கொடுத்தார்.

"அவர்கிட்டயா?" துணைவேந்தர் பதறிவிட்டார்.

"ஆடுங்க."

அம்மா அடித்த அடுத்த பந்துக்கே தங்கப்பழம் ஊதினார். "வெளியே!"

வெளியேதான் விழுந்திருந்தது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எகிறினார். பந்து மூலையில், கோட்டை உரசுகிற மாதிரி விழுந்தது. தங்கப்பழம் போய்க் குனிந்தார். தடத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திரும்பவும் தடத்தைப் பார்த்தார்.

விசில் ஊதினார். "உள்ளே! நல்லாவே உள்ளே!"

இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். எதிர்ப்பக்கத்து ஆட்களும் ஓடிவந்து கைகொடுத்தார்கள். அம்மா சின்னப் பெண்போல் மைதானத்தைச் சுற்றி ஓடினார். தங்கப்பழத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

துணைவேந்தரும் கைதட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அம்மா, நான் புறப்படுறேன்."

"சாப்பிட்டுப் போகலாமே?"

"இல்லை. இருதயராஜ் வீட்டுக்குப் போகணும்."

மறுநாள் இருதயராஜ் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். துணைவேந்தர் தாழ்வாரத்தில், நேர்காணலுக்கு வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். உமையாள் உள்ளே போனதும் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். கதவுக்குப் பின்னால் யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் கதவு திறந்தது. இருதயராஜ் வெளியே வந்தார்.

"உங்க மகளைத்தான் எடுத்திருக்கோம். எல்லாரும் ஒரே முடிவு. மலைப் பாசி பத்திக் கேட்டோம் பாருங்க, நேரம் போனதே தெரியலை. எனக்கே பாடம் எடுத்துட்டா!"

துணைவேந்தருக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துடைத்தார்.

"நான் உள்ளே இருந்திருந்தா?"

"எதிர்த்திருப்பேன்."

"அவ இவ்வளவு நல்லாச் சொல்லியுமா?"

"அவ சொன்னது யார் காதுல விழுந்திருக்கும்?" என்றார் இருதயராஜ். "நான் உங்க மூஞ்சியைத்தானே பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்!"