வேலிக்கு வெளியே நின்ற பந்துவீச்சாளர்

மலாயா ரப்பர் தோட்டம் ஒன்றில், வெள்ளைத் துரைமாரின் கிளப் கிரிக்கெட் மைதானத்தில் புல் வெட்டி, உருளை இழுத்துப் பிழைத்தவர் மருதையனார். விடியுமுன் நீராடி நீறு பூசி, வேலிக்கு வெளியே தாம் நட்டிருந்த முருகன் வேலுக்கு ஒரு செம்பருத்தி சாத்திய பிறகே அரிவாளைத் தொடுவார்.

மாலையில் துரைமார் மட்டை பிடித்துப் பழகப் பந்து வீசுவதும் அவர்தான். அந்தப் பந்தைத் தொட முடியாமல் திணறியவர்களே, போட்டி நாளில் அவரைத் தண்ணீர்க் குடத்தோடு வேலியோரம் நிறுத்துவார்கள்.

"உன் முருகன்கிட்டச் சொல்லி வெள்ளைத் தோல் வாங்கிக்கடா" என்று கூலிகளை மேய்க்கும் கங்காணி சிரித்தான்.

"இந்தத் தோலைக் குடுத்ததே அவருதான் கங்காணி. அவருக்குக் குறையாப் படலியே!"

ஒருமுறை பட்டணத்து அணி ஆட வந்தது. துரை ஒருவர் காய்ச்சலில் விழ, வேறு வழியின்றி மருதையனாரை இறக்கினார்கள். எதிரணியின் குச்சிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தோட்டத்து அணி வென்றது. வென்றவர்கள் படம் பிடிக்க வரிசையாக நின்றார்கள். மருதையனார் கிளப்பின் படியில் கால் வைத்ததும் தலைமைத் துரை தடியை நீட்டி மறித்தார்.

"கூலிக்கு இங்கே இடமில்லை."

காலியாக இருந்த இடத்தில் தம் நாயை உட்கார வைத்தார். கருகருவென்ற கறுப்பு நாய்! அதன் நிறம் அந்தப் பாவிகளின் கண்ணை உறுத்தவில்லை.

மறுநாள் பந்து வீசக் கூப்பிட்டார்கள். மருதையனார் அசையவில்லை.

"மாட்டேன் தொரை. ஆட்டத்துல சேத்தா வீசுறேன். உங்க கைப்பழக்கத்துக்கு இனிமே என் கை வராது."

அன்றே வேலை போயிற்று. கூலிகள் குடியிருந்த லயத்து வீட்டிலிருந்து அவர் சட்டிபானை வீசப்பட்டது. முருகன் வேலையும் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார்கள். அடியார் அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்குத்தான் இடமில்லைன்னா, உனக்குமா முருகா?" என்று குமுறி அழுதார்.

ஆற்றோரப் புதர்க்காட்டில் அந்த வேலை ஊன்றினார். விறகு வெட்டி விற்று வயிற்றைக் கழுவினார். மிஞ்சிய பொழுதெல்லாம் முள்ளை வெட்டி, மேட்டைச் சரித்து, யாரும் ஆடலாம் என்று ஒரு களம் அமைத்தார். துரைக்கு அஞ்சி ஒருவரும் வரவில்லை. பைத்தியம் என்றார்கள். அவர் தனியே பந்து வீசிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, கன்னங்கரிய இளைஞர் ஒருவர் மட்டையோடு வந்து நின்றார்.

"எனக்கு வீசுவீரா?"

"அதுக்குத்தானே களமே போட்டேன். வாங்க தம்பி."

முதல் பந்திலேயே குச்சி பறந்தது. இளைஞர் வாய்விட்டு நகைத்தார். அந்த நகைப்பில் காடெல்லாம் ஒளி பரந்தது. ஆறு திருமுகம் கண்டு அடியார் மண்ணில் விழுந்தார்.

"மருதையா, நீ சாத்திய பூவை ஏற்றேன். நீ 'மாட்டேன்' என்றாயே, அதையும் பூசையாகவே ஏற்றேன்."

ஒளியைக் கண்டு ஓடி வந்த லயத்துச் சனங்களும், ஆற்றோர மலாய்க்காரரும், சீனத் தோட்டக்காரரும் அன்றே களத்தில் இறங்கினர். துரையின் தடி அங்கே செல்லவில்லை.

ஆண்டவனே வந்து தோற்று மகிழ்ந்த கைக்குரியவர், சினத்தையும் பக்தியாக்கிய மருதையனார் திருவடிக்கு நம் தலை தாழ்வதாக.