செத்த புழு ஒன்று கொண்டு வா

மலையடியில் ஒரு மடம். அங்கே பட்டுப்புழு வளர்த்தார்கள். கூட்டை வேகவைத்து நூலெடுக்க அல்ல. கூட்டை உடைத்துக்கொண்டு பூச்சி வெளியே வரும், ஜோடி சேரும், முட்டை வைக்கும். சுற்றுப்பட்டு ஊர்களில் புழு வளர்ப்பவர்களுக்கு அந்த முட்டைதான் விதை.

மடத்து அம்மா பூவாத்தாளுக்கு நாற்பது வயது. அவளுடைய சீடன் பொங்கியண்ணனுக்கு அறுபது. மாட்டுச் சந்தையில் தரகு பேசி, அடிபட்டு மிதிபட்டு ஆளானவன். மடத்துக்கு வந்தும் வாய் அடங்கவில்லை. கீரை வாங்கினாலும் பேரம்தான்.

அந்த முறை, கூடு கட்டும் பருவம் வந்தும் புழுக்கள் இலை தின்பதை நிறுத்தவில்லை.

"பாருங்கம்மா, ஒவ்வொண்ணும் என் சுண்டுவிரல் தண்டி! இனி கூடு மாங்காய் அளவுக்கு வரும்!"

பூவாத்தாள் புழுக்களை எடுத்து, கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டில் விட்டாள். அவை தட்டைச் சுற்றிச் சுற்றி அலைந்தன. மறுநாளும் அலைந்தன. ஓர் இழைகூட விடவில்லை.

பொங்கியண்ணன் வேலிக்கு அப்பால் பார்த்தான். திருமூர்த்தியின் தக்காளிக் காடு. போன வாரம் அங்கே மருந்தடித்தபோது காற்று இந்தப் பக்கம்தான் வீசியது. நாளைக்கு மறுபடி அடிக்கப்போகிறானாம். ஊரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவனும் அவன்தான்.

பொங்கியண்ணன் கடைக்கே போய் நின்றான்.

"உன்ற மருந்து எங்க புழுவைக் கெடுத்துப்போட்டுது. நிறுத்து."

"எத்தனை செத்துச்சு?"

"ஒண்ணும் சாகலை."

திருமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தான். "ஏனுங்கண்ணா, சந்தையில நிக்கற மாட்டுக்கும் கருமாதி பண்ணித்தான் யாவாரம் பண்ணுனீங்களா? செத்த புழு ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க. இன்னியோட நிறுத்திப்போடறேன்."

"வேலியோரம் நாலு பாத்தியாவது விட்டுட்டு அடி."

"புழு எங்கீங்க?"

பொங்கியண்ணன் திரும்பி வந்து பூவாத்தாள் முன்னால் பொருமினான்.

"சாகாத உசுருக்கு எந்த வாயால நியாயம் கேக்கறதுங்கம்மா? பேசாம ஒண்ணை நசுக்கி எடுத்துட்டுப் போயிரட்டுமா?"

"எதுக்கு? இருக்கறதையே காட்டலாம்."

தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பொங்கியண்ணன் பின்னாலேயே ஓடினான்.

கடையில் மருந்து பாட்டில்களை ஒதுக்கிவிட்டுத் தட்டை மேசைமேல் வைத்தாள். திருமூர்த்தி எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா இது? ஜம்முன்னு ஓடுது! ஒரு கொறையும் இல்லியே?"

"நல்லா இருக்குங்களா?"

"பின்னே? கொழுகொழுன்னு இருக்குது."

"சரிங்க." பூவாத்தாள் கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மருந்து வாங்க வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு நின்றார்கள். புழு வளர்க்கும் மாரக்காள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா, அடுத்த வளர்ப்புக்கு முட்டை எப்பங்க தருவீங்க? இலையெல்லாம் தழைஞ்சு நிக்குது."

"கடைக்காரரைக் கேளு மாரக்கா. புழு அவருகிட்டத்தான் இருக்குது."

எல்லாத் தலையும் திருமூர்த்தி பக்கம் திரும்பியது. அவன் தட்டைப் பார்த்தான். புழுக்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. திருமூர்த்தி பொங்கியண்ணனின் காதோரம் குனிந்தான்.

"அண்ணா, அந்த நாலு பாத்தியை விட்டுடறேன். எட்டாவே இருக்கட்டும். அம்மாவை எந்திரிக்கச் சொல்லுங்க."

பேரம் படிந்துவிட்ட மாதிரிதான். பொங்கியண்ணன் வாயைத் திறந்தான். பூவாத்தாளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"எப்பத்தாம்மா எந்திரிப்பீங்க?" திருமூர்த்தி கத்தினான்.

"நல்லா இருக்குன்னீங்களே. அது கூடு கட்டட்டும், பூச்சி வரட்டும், முட்டை வெக்கட்டும். எடுத்துட்டுக் கெளம்பிடறோம்."