சொர்ணத்தாயி பால் காய்ச்சுன கதை

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சு. பனையோலை வீடு. இருந்துச்சுன்னுதான் சொல்லுதேன், ஏன்னா அது எரிஞ்சு போச்சு. ஏட்டி, இப்பவே கண்ணச் சொருகாத. ம் கொட்டுனாத்தான் சொல்லுவேன். ம்... அப்படித்தான்.

அந்த வீட்டுல சொர்ணத்தாயி, அவ புருசன் இசக்கிமுத்து, தொட்டில்ல ஒரு பொட்டப்புள்ள. ஒருநாள் சொர்ணத்தாயி அடுப்ப அணைச்சுட்டுத் தண்ணிக்குப் போனா. அணைச்சுட்டதாத்தான் நெனச்சா. ஒரு கங்கு உள்ள முழிச்சுக்கிட்டுக் கெடந்துருக்கு. காத்து வந்துச்சு, உஸ்ஸ்னு. அப்புறம் என்ன, கூரை படபடன்னு புடிச்சுக்கிடுச்சு. கொடத்தோட திரும்பி வந்தவ வாசல்ல நின்னா பாரு, நின்னவதான். புள்ள உள்ள அழுவுது, இவளுக்குக் காலு நகரல. இசக்கிமுத்துதான் ஓடி வந்து, உள்ள பாஞ்சு புள்ளையத் தூக்கிட்டு வந்தான். புள்ளைக்கு ஒண்ணும் ஆவல, பயப்படாத.

வீடுதான் போச்சு. பாயி, பானை, தொட்டில், நல்ல நாளைக்கு வச்சிருந்த சேலை, எல்லாம் சாம்பல்.

அப்போ பக்கத்து வீட்டு பிச்சம்மா என்ன செஞ்சா, தன் மாட்டுத் தொழுவத்தக் கழுவிவிட்டு, "இங்கன இருந்துக்கிடுங்க"ன்னா. நல்ல மனசுக்காரி. ஆனா அவ வாய் இருக்கே வாய், ஊர் எல்லை வரைக்கும் கேக்கும். மூணு வேளையும் சோறு பொங்கிக் குடுத்தா. சொர்ணத்தாயி அடுப்புப் பக்கம் போனாலே, "நீ நெருப்புகிட்ட வராதட்டீ, நான் பாத்துக்கிடுதேன்"ன்னு வெரட்டிருவா. பாசந்தான். ஆனா அந்தச் சோத்தத் தின்னுட்டு இவ பயமும் கொழுகொழுன்னு வளந்துச்சு.

ஒருத்தர் கூரைக்குப் பனங்கை குடுத்தாரு, ஒருத்தர் ஓலை குடுத்தாரு, புது வீடு எழும்பிருச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம். புது வீட்டுல எவ சமைக்கப் போறாளோ அவதான் தன் கையால அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சணும். பால் பொங்காத வீட்டுல யாரும் தலை சாய்க்கப்படாது. மழை வேற கிழக்க கருத்துக்கிட்டு நிக்கி. தொழுவமோ ஒழுவும்.

சொர்ணத்தாயி தீப்பெட்டிய எடுத்தா. சரக்! நெருப்பு வந்துச்சோ இல்லையோ, "ஐயோ"ன்னு குச்சிய வாசல்ல வீசிட்டா.

அப்புறம் இசக்கிமுத்து அவ கையப் புடிச்சுச் சேந்து உரசுனான். அடுப்பு பக்குன்னு பத்துச்சு. அவ்வளவுதான், பாலச் சட்டியோட தூக்கி நெருப்புல ஊத்திட்டா. சொய்ய்ங்!

"என்னால ஏலாதுங்க"ன்னு அழுதா. "அன்னைக்கு எம்புள்ள உள்ள கெடந்து கத்துனா, பெத்தவ நான் சும்மா நின்னேன். எனக்கு எதுக்கு வீடு?" இசக்கிமுத்து புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, காலிச் சட்டிய எடுத்து ஓரமா வச்சான்.

அப்போ சொர்ணத்தாயி, வழக்கமாவது ஒண்ணாவது, பிச்சம்மாவே வந்து காய்ச்சட்டும்னு அவளக் கூப்புடப் போனா. பிச்சம்மா கெணத்தடியில யாரையோ வஞ்சுக்கிட்டிருக்கா, சத்தம் கேக்குது. வீட்டுக்குள்ள அடுப்பு எரியுது. அதுலருந்து ஒரு கொள்ளி சரிஞ்சு, கீழ கெடந்த காஞ்ச ஓலையில புடிச்சிருச்சு. பட்... பட்... படபட. மூலையில கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி "மே... மே..."ங்குது.

சொர்ணத்தாயி வாசல்ல நின்னா. அதே மாதிரி, காலு மரமாப் போச்சு. ஏட்டி, முழிச்சிருக்கியா? ம்... சரி.

குட்டி இன்னொரு தடவ கத்துச்சு. அப்போ அவ தன் காலக் குனிஞ்சு பாத்து, "அன்னைக்குத்தான் நின்ன. இன்னைக்கும் நின்னேன்னா ஒனக்கும் எனக்கும் பேச்சே கெடையாது"ன்னா. சொல்லிக்கிட்டே உள்ள பாஞ்சுட்டா. தண்ணியத் தேடுனா, கொடம் கெணத்தடியில. கையில அம்புட்டது ஆட்டி வச்ச இட்லி மாவு. குண்டானோட தூக்கி, சொதக்! ஓலை புஸ்ஸுன்னு அடங்கிருச்சு. குட்டிய அவுத்து இடுப்புல வச்சுக்கிட்டா.

பிச்சம்மா கொடத்தோட வந்தா. "அடிப் பாவி, என் மாவு!"ன்னா. அப்புறம் கரிஞ்ச ஓலையப் பாத்தா, குட்டியப் பாத்தா. அந்த வாயி பேச்சில்லாம நின்னது அன்னைக்குத்தான்.

சொர்ணத்தாயி மூஞ்சியெல்லாம் மாவு. சிரிக்கா, அழுவுதா, ரெண்டும் சேந்து வருது. "மதினி, நான் நிக்கல மதினி. ஓடுனேன்"னா.

அப்புறம், "கொஞ்சம் பாலு குடுங்க. அந்தக் கொள்ளியிலருந்து ஒரு கங்கும் குடுங்க"ன்னா.

"வீட்டக் கொளுத்தப் பாத்த கொள்ளியவாட்டீ கேக்க?"

"அதத்தான் மதினி. அது இப்ப எனக்குப் பழக்கம்."

தேங்காச் செரட்டையில சாம்பலப் போட்டு, மேல கங்க வச்சு, தானே எடுத்துட்டுப் போனா. இசக்கிமுத்து வழி விட்டான். புது அடுப்புல வச்சுக் குனிஞ்சு ஊதுனா. ஃபூ... ஃபூ... குபுக்! பிச்சம்மா குடுத்த பால ஏத்துனா, அது பொங்கி வழிஞ்சு நெருப்புல சொய்ங்னுச்சு. அவ நகரல. வெளிய மழை சடசடன்னு எறங்குச்சு, புது ஓலை ஒரு சொட்டு விடல.

ஆளுக்கு ஒரு வாய் குடிச்சாங்க. அப்புறம் சொர்ணத்தாயி அடுப்புல தண்ணி தெளிச்சா. தெளிச்சுட்டு, வெறுங்கைய உள்ள விட்டு, சாம்பல மெல்லத் தடவிப் பாத்தா. குளுந்து கெடந்துச்சு. "நீயும் தூங்கு"ன்னு அதுகிட்டச் சொல்லிட்டு, புள்ளையக் கட்டிக்கிட்டுப் படுத்தா.

அவளும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு. நீயும் கண்ண மூடுட்டீ.