கோட்டுக்கு ஐந்தடி

"சனிக்கிழமை பந்தை யாருக்கும் குடுக்காம நானே ஓடினா பாவமா, மாஸ்டர்?"

ஜெயரூபன் இப்படிக் கேட்டபோது மாஸ்டர் மைதானத்தின் கடைசிக் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் லோறன்ஸ். இருவரும் இலங்கை மலைநாட்டு ஹட்டனில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பிறவியிலேயே வலது கால் கோணல் என்பதால் லோறன்ஸ் ஒரு நாளும் ரக்பி ஆடியதில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்த ஆள். நாட்டு அணிக்கு ஆடுகிறவனே அவரிடம் வந்துதான் சந்தேகம் கேட்டான். மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டான்.

"யாரு உன்னைக் கேக்கப்போறா?"

"கேப்பாங்க மாஸ்டர். நான் சென்டர். என் வேலையே குடுக்கிறதுதான். எதிராளி ரெண்டு பேரை என் மேல இழுத்துக்குவேன். அவங்க மோதுறதுக்குள்ள பந்தைப் பின்னால வர்றவனுக்குக் குடுத்துருவேன். அவன் கோட்டைத் தாண்டித் தரையில வெச்சு ட்ரை போடுவான். எல்லாரும் அவனைத் தூக்குவாங்க. நான் புல்லுல கெடப்பேன்."

"ம்."

"பதினோரு வருஷம். என் பேர்ல ஒரு ட்ரை இல்ல. முழங்காலும் போயிருச்சு. சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம். ஒண்ணே ஒண்ணு, மாஸ்டர்."

மலைபோன்ற ஆள், அழுதுவிடுவான் போலிருந்தது.

மாஸ்டர் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார். ஒரு பந்தை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"இப்பவே போட்டுட்டுப் போயேன். நடுக்கோட்டுலேர்ந்து ஓடி வா. தடுக்க ஒரு ஈ காக்கா இல்ல."

அவன் நடுக்கோட்டுக்குப் போவதற்குள் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது. மாஸ்டரைக் காணோம். கோட்டையும் காணோம்.

ஓடினான்.

காலடிச் சத்தமே கேட்கவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. ஆடிய ஊர்கள் எல்லாம் ஒரே மைதானமாகிவிட்டன. எங்கோ கூட்டம் இரைந்தது. இது எந்த வருஷம் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

வெள்ளைக் கோடு தெரிந்தது. இன்னும் ஐந்தடி.

வெண்மைக்குள்ளிருந்து இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். வந்ததாக உடம்பு நினைத்தது.

கை தானாகப் பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டது.

யாரும் மோதவில்லை. தனியே நின்றான்.

"பாழாப்போன கை!" என்று தன் கையையே திட்டினான். காலி மைதானத்தில்கூடத் தன்னால் ஒரு ட்ரை போட முடியவில்லையே என்று புல்லை உதைத்தான்.

பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் குப்புறக் கிடந்தார். பனிமூட்டத்தில் அவன் பின்னால் நின்று பந்தைப் பிடித்து மூன்று எட்டு வைத்திருப்பார், அவ்வளவுதான். மூக்கெல்லாம் சுண்ணாம்பு. நெஞ்சுக்கு அடியில் பந்து.

"ஐயோ, மாஸ்டர்! அடிபட்டிருச்சா?"

தூக்கப் பார்த்தான். அவர் பந்தை விடவில்லை. உடம்பு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதில், பத்து வயதுப் பையன் மாதிரி.

"மச்சான்," என்றார். "இன்னொருக்கா குடுப்பியா?"