மூலையில இருந்த மகான்

"எனக்கு என்னம்மா குறைச்சல்?"

பூவராகன் கேட்டார். கேக்குறதுக்கு முன்னால ஒரு தரம் இருமிக்கிட்டார். "க்க்ஹும்."

அந்த இருமல் அவரோடது இல்ல. குருவோடது.

குருன்னா, எதிர்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிட்டிருந்த ஞானாம்பாள். வயசுல அவரைவிட இளையவங்க. அவர் அவங்களை அம்மாம்பார். அவங்க அவரை அண்ணேம்பாங்க.

ஆத்தங்கரையில இருக்குற சின்ன மடத்துல உக்காந்து, வர்றவங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல ஆள் வேணும். அது தனக்குத்தான்னு பூவராகன் முடிவே பண்ணிட்டார். மளிகைக்கடையை மகன் கையில குடுத்துட்டு வந்த மனுஷன், திரும்பிப் போய் கல்லாப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்கார முடியுமா?

துணிப்பை ரெடி. வாசல்ல ஆட்டோ ரெடி. அம்மா தலையை ஆட்டணும், அவ்வளவுதான்.

அம்மா கீரையைத்தான் ஆட்டினாங்க.

"அங்க போய் என்னண்ணே பேசுவீங்க?"

"நீங்க பேசுறதைத்தான். க்க்ஹும். 'வந்தவங்க உக்காருங்க. உக்காந்தவங்க மறந்துடுங்க.'"

குரல் அச்சு அசல் அம்மா. நடுவுல விட்ட இடைவெளி கூட.

"அட!"

"நடையும் பாருங்க."

இடது காலை லேசா இழுத்து, ஒரு நொடி நின்னு, அப்புறம் வலது காலை வெச்சார். கூடத்தை ஒரு சுத்து சுத்தி வந்து நின்னார்.

"உக்காருறதுல மட்டும் எனக்கு வேற குரு. கோவிச்சுக்காதீங்க."

"யாரு?"

மேல மூலையைக் காமிச்சார்.

ஒட்டடைக்கு நடுவுல ஒரு பெரிய எட்டுக்கால் பூச்சி. உள்ளங்கை அகலம். காலை விரிச்சுத் தொங்கிட்டிருந்துச்சு.

"நான் தியானத்துல கண்ணை மூடும்போதும் அங்கதான். திறக்கும்போதும் அங்கதான். பக்கத்துலயே ஈ வந்து உக்காந்துச்சும்மா, திரும்பிப் பாக்கலையே! பசியை ஜெயிச்ச மகான். சமையக்கட்டு தனபாக்கியம் ஒட்டடைக்குச்சியைத் தூக்கிட்டு வந்தா. நான்தான் குறுக்க நின்னு தடுத்தேன்."

"அதான் இன்னும் ஒட்டடை இருக்கா?"

"அதைப் பாத்து நானும் அசையுறதில்ல. நேத்து மூக்கு மேல கொசு. அசைஞ்சேனா?"

அசையலதான். மூக்கு இன்னும் செவந்திருந்துச்சு.

அம்மா கீரையைக் கீழ வெச்சாங்க. எழுந்தாங்க. விறுவிறுன்னு மூலைக்கு நடந்தாங்க.

பூவராகன் முழிச்சார்.

"அம்மா, கால்?"

"காலுக்கு என்ன?"

"இழுத்து இழுத்து நடப்பீங்களே?"

"அதுவா? பித்தவெடிப்பு. மருதாணி அரைச்சுப் பூசினேன். போன மழைக்கே சரியாப் போச்சு."

"அந்த இருமல்?"

"அப்ப அடுப்பங்கரையில ஒட்டடை அடிச்சேன்ல, அந்தத் தூசிண்ணே."

பூவராகன் தொண்டை வரைக்கும் ஒரு 'க்க்ஹும்' வந்து நின்னுது. முழுங்கிட்டார்.

அம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மூலையைப் பாத்து ஊதினாங்க.

"ஃபூ."

மகான் கழண்டார். காத்துல ஒரு சுத்து, இன்னொரு சுத்து. மெதுவா இறங்கி வந்து பூவராகன் நீட்டின உள்ளங்கையில உக்காந்தார்.

கனமே இல்ல.

எட்டுக் காலும் இருக்கு. காலுல மயிரு கூட இருக்கு. முதுகுல மட்டும் ஒரு பிளவு. பூவராகன் அதுக்குள்ள எட்டிப் பாத்தார். உள்ள யாரும் இல்ல.

"செத்துப் போச்சாம்மா?"

அடுப்பங்கரையில இருந்து தனபாக்கியம் கத்தினா.

"ஐயய்யோ அம்மா! அந்த மூலைப் பூச்சி சட்டையை உரிச்சுப் போட்டுட்டு இங்க வந்து நிக்குது! முன்னைக்கு இப்ப என்னா பெருசு! கரப்பானைக் கவ்விக்கிட்டு ஓடுது பாருங்க!"

பூவராகன் கையில இருந்ததையே பாத்துட்டு நின்னார்.

வாசல்ல ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சார்.

அம்மா முக்காலியை விட்டு இறங்கினாங்க.

"அங்க போய் என்னண்ணே பேசுவீங்க?"

பூவராகன் வாயைத் திறந்தார். இருமல் வரல. மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டார்.

"தெரியலையேம்மா."

"பையை எடுங்க. ஆட்டோ நிக்குது."