பத்தாயிரத்து ஏழு வீரர்கள்

முன்னொரு காலத்தில், எதுவும் வரிசையாக இல்லாவிட்டால் சோறு இறங்காத மன்னர் ஒருவர் இருந்தார். தம்முடைய பத்தாயிரம் வீரர்களும் வரிசைக்கு நூறு பேராக நிற்பதைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

அரண்மனைச் சோதிடரான பெருங்கணிக்கு அரசவை விகடன் சடையாண்டியைக் கண்டாலே ஆகாது. சபை நடுவே அவரை இரண்டு முறை தலைகுனிய வைத்தவன் அவன். கிழமைக்கு ஒருவராக ஏழு பேரைப் படையில் சேர்த்தால் நாட்டுக்கு நல்லது என்று பெருங்கணி மன்னரிடம் சொல்லி, சடையாண்டியின் தெருவிலிருந்தே ஏழு குயவர்களைப் பிடித்துச் சேர்த்தார். அவர்களில் ஒருவன் சடையாண்டியின் தங்கை கணவன் மாயழகு.

மறுநாள் அணிவகுப்பில் ஏழு பேர் மிஞ்சினார்கள். மன்னருக்குக் கோபம் தலைக்கேறியது. தோஷம் இந்த ஆட்களிடம்தான், நாடு கடத்திவிடலாம் என்று பெருங்கணி தூபம் போட்டார். சடையாண்டி பொறுக்கமாட்டாமல் எழுந்து, குற்றம் ஆட்களுடையதல்ல, எண்ணுடையது என்றான்.

"அப்படியானால் நீயே நிறுத்திக் காட்டு," என்றார் மன்னர். "எல்லாரும் நிற்க வேண்டும், வரிசைகள் சமமாக இருக்க வேண்டும். ஒருவன் மிஞ்சினாலும் ஏழு பேரோடு நீயும் எல்லை தாண்டுவாய். மூன்று நாள் தவணை."

சடையாண்டி புளியங்கொட்டைகளைக் குவித்து வகுத்துப் பார்த்தான். மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சியது. ஏழால் வகுத்தால் நான்கு, பதின்மூன்றால் வகுத்தால் பத்து. நூறுவரை போயும் மிச்சம் விழாத எண் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவனுக்கு விளங்கியது. பொழுதெல்லாம் கணக்குப் போடும் பெருங்கணி கிழமைக்காகவா ஏழு என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தார்? கொட்டைகளை வாரி வாசலில் வீசினான். தங்கை அழுதுகொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான்.

அங்கே அத்தனை பேரையும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினான். வரிசை கடைத்தெருவைக் கடந்து, ஆற்றைக் கடந்து, கரும்புக் கொல்லைவரை நீண்டது. மன்னர் யானைமேல் அரை நாள் போய்த்தான் கடைசி ஆளான மாயழகைப் பார்க்க முடிந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை.

கூடவே வந்த பெருங்கணி விடவில்லை. "அரசே, தாங்கள் வரிசைகள் என்றீர்கள். இது ஒரே வரிசை."

சடையாண்டி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாரையும் இடப்பக்கம் திரும்பச் சொன்னான். கட்டளை வாய்க்கு வாய் போய், படை முழுவதும் திரும்பியது.

"இப்போது பத்தாயிரத்து ஏழு வரிசைகள், மகாராஜா. வரிசைக்கு ஓர் ஆள், பின்னால் யாரும் இல்லை, எல்லாம் சமம். இந்த எண் இந்த இரண்டு வகைக்குத்தான் மசியும். அது தெரிந்தே இவர் ஏழு பேரைச் சேர்த்தார். இல்லையென்று சொல்லச் சொல்லுங்கள்."

பெருங்கணி யானையின் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். மன்னர் முகம் சிவந்து, இனி தம் படை எப்படித்தான் ஒழுங்காக நிற்கும் என்று கேட்டார்.

"இன்னும் ஒரே ஓர் ஆள் போதும். பத்தாயிரத்து எட்டு என்றால் இரண்டு, மூன்று, நான்கு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, எல்லாவற்றாலும் மிச்சமில்லாமல் வகுபடும். ஆளும் இங்கேயே நிற்கிறார். கையில் ஒரு வேல் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி."

மன்னர் பெருங்கணியின் தொந்தியைப் பார்த்தார். யானையே குலுங்கும்படி சிரித்தார். வேல் வந்தது. மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியிடம் கொடுத்தார். அவன் அதை வாங்கி மாயழகின் கழுத்தில் போட்டுவிட்டு, கடைசிவரை சிரிக்காமலே வீட்டுக்கு நடந்தான்.