கொடைக்கானலுக்கு முன்னால் ஒரு மலை

“அப்படீன்னா அந்த மலையை ரெண்டு தடவை ஏறோணுங்களா அத்தை?” என்று கேட்டுக்கொண்டே தமயந்தி, மடித்த கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் எறிந்தாள்.

“ஏறித்தான் ஆவோணும்” என்றாள் மாமியார் பாவாத்தாள். கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தமயந்திக்கு எரிச்சலாக இருந்தது.

வியாழன் காலையில் தாராபுரத்திலிருந்து கிளம்பிக் கொடைக்கானல் போவது, மூன்று இரவு தங்குவது, ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்புவது என்று ஏற்பாடு. தமயந்தி ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆறு வருடத்தில் சேர்ந்தாற்போல் கிடைத்த முதல் நான்கு நாள் விடுப்பு இது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்றவர்கள் வேலையையும் தானே பார்த்து வாங்கியது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு அவள் தியேட்டரில் நின்றாக வேண்டும். மே மாதத்தில் இன்னொரு அறையும் கிடைக்காது. ஒரு நாளைக்கூட முன்னே பின்னே நகர்த்த முடியாது.

தாராபுரத்துக்காரர்களுக்குக் கொடைக்கானல் என்றால் பழனி வழிதான். அந்த வீட்டில் யாரும் வேறு வழியாகப் போனதில்லை. சிக்கலும் பழனியில்தான் இருந்தது.

தமயந்தியின் கணவன் குமரேசன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கடும் காய்ச்சலில் பிழைத்தான். அப்போது அவன் அப்பா வேண்டிக்கொண்டார்: என் மகன் பழனியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மேலே ஏறிக் கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவான். சாகுமுன் அதையே மகனிடம் வாக்காகவும் வாங்கிக்கொண்டார். இதோடு பாவாத்தாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு வழக்கமும் இருந்தது. பழனி மலையேறிச் சாமி பார்த்தவர்கள் நேரே தங்கள் வீட்டுக்கு வந்துசேர வேண்டும். அதற்குமுன் வேறொரு வாசலை மிதிக்கக் கூடாது.

“ஓட்டல் ரூமெல்லாம் ஒரு வாசலாம்மா?” என்றான் குமரேசன்.

“கதவு இருக்குதல்ல?”

“இருக்குது.”

“அப்பறம் வாசலில்லாம எப்படி?”

குமரேசன் இறங்கி வந்து பேசிப் பார்த்தான். “அடிவாரத்துல காரை நிறுத்தி, கீழ இருந்தே கன்னத்துல போட்டுக்கறேன். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.”

“முருகன் கோவிக்க மாட்டான். உங்கப்பன் கோவிப்பான்.”

பாவாத்தாளிடம் ஒரு யோசனை இருந்தது. வியாழக்கிழமை பழனிக்குப் போய் மலையேறிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது. வெள்ளிக்கிழமை காலையில் கொடைக்கானலுக்குக் கிளம்புவது.

“வெள்ளிக்கிழமையும் பழனியைத் தாண்டித்தானுங்க போவோணும்?” என்றாள் தமயந்தி.

“ஆமா.”

“அப்ப மறுக்கா ஏறோணும். ஏறினா மறுக்கா வீட்டுக்கு வரோணும்.”

பாவாத்தாள் கீரையைப் பார்த்தாள். “ஆமா” என்றாள்.

“இப்படியே போனா நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் பழனியிலயே படியேறிட்டு இருக்கலாமுங்க அத்தை. குறிஞ்சிப்பூ பூத்து வாடிக்கூடப் போயிரும்.”

குமரேசன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது. சமாளிக்கக் கோயம்புத்தூரிலிருக்கும் தன் அக்கா வளர்மதியைப் போனில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

“இதுக்கா இத்தனை பஞ்சாயத்து? ஊட்டிக்குப் போங்க. பழனியே குறுக்க வராது” என்றாள் வளர்மதி.

“ஊட்டியில ரூம் நீங்க புடிச்சுத் தர்றீங்களாங்க?” என்று தமயந்தி கேட்டாள். அடுப்பில் குக்கர் கத்துவதாகச் சொல்லி வளர்மதி போனை வைத்துவிட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, அம்மிணி. நான் இங்கயே கெடக்கறேன்” என்றாள் பாவாத்தாள். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: யாரும் போகப்போவதில்லை.

தமயந்தி சமையலறைக்குப் போனாள். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். விடுப்பை ரத்து செய்துவிட்டு வேலைக்கே போய்விடலாம், அங்கே மயக்கத்தில் இருப்பவர்கள் யாரும் பேசுவதில்லை என்று நினைத்தாள். கொடைக்கானலில் அறை பதிவு செய்திருந்த விடுதிக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்து, அவர் போனில் அனுப்பியிருந்த செய்தியைத் திறந்தாள். குமரேசன் அதைப் பாதி மட்டும் வாசித்துக் காட்டியிருந்தான். முழுச் செய்தி இது: “பழனி சாலையில் வருகிறவர்கள் பெட்ரோல் பங்க்கைத் தாண்டி வலது பக்கம் திரும்பவும். வத்தலக்குண்டு சாலையில் வருகிறவர்கள் மாதா கோயிலைத் தாண்டி இடது பக்கம் திரும்பவும்.”

இரண்டு முறை படித்தாள். கூடத்துக்கு வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். குமரேசன் போனை வாங்கி அந்தச் செய்தியைத் தானும் முழுதாகப் படித்தான். பாவாத்தாளின் கை கீரையில் நின்றது. பிறகு தன் கம்பளியையும் பெட்டியில் வைக்கச் சொன்னாள்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். மகன், தாய், அக்கா, இந்த மூவரில் யார் சொன்னது சரி? மூவருமே இல்லையென்றால், செத்தவருக்குக் கொடுத்த வாக்கும் கெடாமல், பிறந்த வீட்டு வழக்கமும் கெடாமல், நான்கு நாளில் ஒன்றும் குறையாமல் தமயந்தி சொன்ன அந்த வாக்கியம் என்ன?

விடை: மூவர் சொன்னதும் சரியில்லை. குமரேசனின் யோசனையில் வாக்கு உடைகிறது. பாவாத்தாளின் யோசனைக்கு முடிவே கிடையாது. வளர்மதியின் யோசனையில் படுக்க இடமில்லை. “போறப்ப வத்தலக்குண்டு வழியா ஏறி, வர்றப்ப பழனி வழியா எறங்கலாமுங்க” என்பதுதான் தமயந்தி சொன்னது. போகும்போது பழனியைத் தாண்டவே வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை இறங்கி, மலையேறிக் கும்பிட்டால் அடுத்த வாசல் சொந்த வீட்டு வாசல். வாக்கு, வழக்கம் இரண்டிலும் குறையில்லை. சாமிதான் முதலில் என்று அவை எங்கேயும் சொல்லவில்லை; வீட்டில் எல்லோரும் அப்படியே கேட்டுப் பழகியிருந்தார்கள்.

வியாழன் காலை, வழியில் டீக்கு நிறுத்திய இடத்தில் குமரேசன் அக்காவிடம் போனில், “நானே ஒரு ரூட்டு கண்டுபிடிச்சிட்டேங்க்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். தமயந்தி கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். ஒட்டன்சத்திரத்தில் பழனி சாலை வலது பக்கம் பிரிந்தது. கார் திரும்பாமல் போயிற்று. பின் சீட்டில் பாவாத்தாள் செருப்பிலிருந்து கால்களை மெல்ல வெளியே எடுத்து வைத்துக்கொண்டாள்.